அக்கா கல்யாண வீடியோவைச் சுத்தம் செய்தவன்

முட்டாள்தனத்தில் எனக்கென்று ஒரு தனி வரிசை உண்டு. பரீட்சை எழுதப் போய், வேறு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பாதிக் கேள்விக்குப் பதில் எழுதியவன் நான். திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், லிப்டில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக நின்ற பக்தரை முதலாளி என்று நினைத்துக் குனிந்து வணக்கம் வைத்தேன். பாவம் என்று அவர் லட்டில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். இதையெல்லாம் நானே சொல்லி நானே சிரிப்பேன். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் யாரும் சிரிப்பதில்லை. பெற்ற அப்பாவை, கிட்டத்தட்ட முந்நூறு பிரேம்களில், விரல் விரலாகச் சுற்றிக் கோடு போட்டு வரைந்து, அது யாரென்று தெரியாமலேயே அழித்துவிட்டு, "பாரு, தடமே தெரியாம எடுத்துட்டேன்" என்று அவரிடமே காட்டிப் பெருமையடித்தவன் நான். இப்படி ஒரு முட்டாள் எங்கள் தொழிலில் இன்னொருவன் இருந்தால் அவனைச் சந்திக்க ஆசை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டீ குடிக்கலாம்.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நைனா அரசு பஸ் டிரைவர், சித்தூர் டெப்போ. சித்தூரிலிருந்து திருப்பதி, திருப்பதியிலிருந்து சித்தூர் என்று முப்பது வருடம் ஒரே சாலையைப் போட்டுத் தேய்த்தவர். அம்மா நான் நான்காவது படிக்கும்போதே போய்விட்டாள். என்னைவிட ஆறு வயது மூத்த அக்காதான் சோறு பொங்கினாள், எனக்குத் தலை வாரிவிட்டாள், நைனாவின் காக்கிச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டாள். வீட்டில் மூன்று பேர். பேசுகிறவன் நான் ஒருவன். நைனா பேச்சை வண்டியிலேயே இறக்கிவிட்டு வருகிற மனிதர். அக்கா அவருடைய அச்சு. இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்வார்கள். நான் இரண்டு பக்கமும் ஓடி, நடுவில் கொஞ்சம் கோமாளித்தனம் சேர்த்து ஒப்படைப்பேன்.

எனக்கு வேலை கிடைத்தது திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில். கீழே மெஸ், முதல் மாடியில் லாட்ஜ், அதற்கு மேல் நாங்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி, நாற்பது கம்ப்யூட்டர்களை வரிசையாகப் போட்டு, எந்தெந்த தேசத்திலோ எடுத்த படங்களுக்கான விஷுவல் எபெக்ட்ஸ் வேலையில் அடிமட்டத்தை நாங்கள் செய்தோம். வெடிக்கும் கிரகத்தையும் பறக்கும் வீரனையும் வேறு ஊரில் வேறு ஆட்கள் செய்வார்கள். எங்களிடம் வருவது அந்த வீரனின் இடுப்பில் கட்டியிருக்கும் கம்பி. சேருகிறவர்கள் எல்லாரும் முதலில் ரோட்டோ. திரையில் நிற்கும் ஆளைச் சுற்றி, ஒரு விநாடிக்கு இருபத்து நான்கோ இருபத்தைந்தோ படம் என்றால் அத்தனை படத்திலும், மயிரிழை பிசகாமல் கோடு போட வேண்டும். அப்போதுதான் மேலே இருப்பவர்கள் அவனைக் கத்தரித்து வேறு பின்னணியில் வைக்க முடியும். அதில் ஒரு வருடம் கண்ணைத் தேய்த்தால் பெயிண்ட். அங்கே கம்பி, விளக்குத் தண்டு, தவறி உள்ளே வந்துவிட்ட ஆள் என்று வேண்டாததை அழித்து, அந்த இடத்தில் பின்னால் என்ன இருந்திருக்குமோ அதை நிரப்ப வேண்டும். கேமரா எப்படி நகர்ந்தது என்று கணக்குப் போடுகிறவன் மேட்ச்மூவ். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்குகிறவன் காம்ப். அதற்கும் மேலே சூப்பர்வைசர். இதை நைனாவுக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அப்போ ரோட்டோ கிளீனரு. பெயிண்ட்டு கண்டக்டரு. கணக்கு போடறவன் டைம்கீப்பரு. காம்ப்பு இன்னமோ சொன்னியே, அவன்தான் டிரைவரு. சூப்பர்வைசரு டெப்போ மேனேஜரு. அவன் ஒண்ணும் ஓட்டமாட்டான், எல்லாரையும் கத்துவான்."

"நான் எப்ப நைனா டிரைவர் ஆவறது?"

"மொதல்ல வண்டிய கழுவு."

அதைவிடச் சுருக்கமாக எங்கள் தொழிலை இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. டெப்போவில் யாராவது கேட்டால், "எம் பையன் சினிமாவுல கம்பி அழிக்கிறான்" என்பாராம். "கம்பி எண்றானா?" என்று கேட்டு அவருடைய கண்டக்டர் சிரித்ததை, வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். அக்காவிடம் நான் சொன்னேன். அவள் சிரித்தாள். நைனா அடுப்படிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு சிரிப்பு போய்ச் சேர இத்தனை ஸ்டாப்பிங் உண்டு.

அக்கா அப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க அங்கே ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை வீடு. அங்கே கூட வேலை பார்த்த ஒரு தெலுங்குப் பையனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. காணிப்பாக்கத்துப் பக்கம் ஊர், நல்ல பையன். நைனாவுக்குத் தெலுங்கு என்பதில் வருத்தமில்லை. பாதி வாழ்க்கை அவர் தெலுங்கில்தான் வண்டி ஓட்டினார். வருத்தம் வேறு. அந்தச் செய்தியை அவருடைய பஸ்ஸில் ஏறிய ஒரு பயணி, இன்ஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "உங்க பொண்ணு கல்யாணமாமே" என்று விசாரித்துவிட்டான். ஊருக்கே தெரிந்த பிறகு தனக்குத் தெரிகிறது என்பது நைனாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் செய்தியை அவரிடம் கொண்டு சேர்க்கச் சொல்லி அக்கா என்னிடம்தான் ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தாள். நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நான் இழுத்தடித்தேன். அவர் சிரித்த முகமாக வீட்டுக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். அப்படி ஒரு நாள் அந்த மாதத்தில் வரவில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்சப்பறம் எனுக்கு எதுக்கு?" என்றார் நைனா. முகூர்த்த நாளைச் சொன்னேன். "அன்னிக்கி டூட்டி கீது" என்றார். அக்காவிடம் போய் அதைச் சொன்னேன். இந்த ஒரு முறையாவது நடுவில் ஏதாவது கலந்து சொல்லியிருக்கலாம். "டூட்டிதான் முக்கியம்னா டூட்டிக்கே போவட்டும்" என்றாள் அவள்.

காணிப்பாக்கத்தில் கோவிலுக்குக் கொஞ்ச தூரத்தில், சாலையை ஒட்டின ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்த்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் நான் மேடைப் பக்கமே இல்லை. தயிர் வரவில்லை என்று பின்கட்டில் சமையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கழுத்தில் தாலி ஏறியதை நானே வீடியோவில்தான் பார்த்தேன். வீடியோகாரர் ஒரே கேமராவைத் தண்டில் நிறுத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றிருந்தார். மேடைக்கு இடப்பக்கம் சாலையிலிருந்து நேரே உள்ளே வருகிற கதவு ஒன்று உண்டு. அந்தக் கதவும் அதில் கட்டிய வாழை மரமும் படத்தின் ஓரத்தில், கலங்கலாக, விழுந்திருந்தன.

மறுவாரம் அக்கா போன் செய்தாள். "டேய், மேடைக்குப் பக்கத்துல நீலக் கலர் டிரம்மு, பேனு, ஒயரு எல்லாம் தெரியுது. அசிங்கமா கீது. நீதான் அழிக்கறதுல பெரிய ஆளாச்சே. எல்லாத்தையும் எடுத்துட்டு கல்யாணத்த கல்யாணம் மாதிரி பண்ணிக்குடு." ரோட்டோவிலிருந்து பெயிண்ட்டுக்கு மாறி எனக்கு அப்போது சரியாக ஒரு மாதம். தலை கால் புரியவில்லை. வீடியோகாரரிடம் போய் மொத்தமும் உள்ள ஹார்ட் டிஸ்க்கையே வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் பெயிண்ட் பிரிவுக்குத் தலைவி ஒரு நடுத்தர வயதுப் பெண். லீடம்மா என்று கூப்பிடுவோம். அவளிடம் கெஞ்சி, விடுமுறை நாட்களில் ஆபீஸ் மெஷினிலேயே அந்த வேலையைச் செய்ய அனுமதி வாங்கினேன். ஆபீசில் பெரிய படங்களுக்குச் செய்கிற மாதிரியே ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டேன். பேன், நீக்கு. டிரம், நீக்கு. ஒயர், நீக்கு. இடப்பக்கக் கதவருகே காக்கிச் சட்டை ஆள், நீக்கு. என் கையெழுத்து அது.

எல்லாரும் கேட்கிற கேள்வியை நானும் ஆயிரம் முறை கேட்டுக்கொண்டுவிட்டேன்: சொந்த அப்பாவை எப்படி அடையாளம் தெரியாமல் போகும்? இந்த வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அது புரியும். படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிவிட்டால் திரையில் ஆள் இருப்பதில்லை. ஒரு தோளின் வளைவு, ஒரு காது மடலின் ஓரம், பக்கத்து நிறம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது மட்டும்தான் இருக்கும். நாள் முழுக்க உலகப் புகழ்பெற்ற நடிகையின் முழங்கையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் போஸ்டரைப் பார்த்து இது யார் என்று கேட்டவர்கள் எங்களில் உண்டு. அந்த ஆளின் முகம் பாதி வாழை இலைக்குள் இருந்தது, மீதி கலங்கலாக இருந்தது. காணிப்பாக்கத்தில் காக்கிச் சட்டைக்கு என்ன பஞ்சம்? எல்லாவற்றுக்கும் மேல் நைனா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வராதவரை எந்தக் கண் தேடும்?

அழிக்கப்போகிற ஆளைச் சுற்றி முரட்டுத்தனமாக ஒரு வட்டம் போட்டாலே போதும். நான் ரோட்டோவில் ஒரு வருடம் ஊறியவன், கை கேட்கவில்லை. தோள், முழங்கை, ஐந்து விரல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோடாகப் போட்டேன். பின்னால் வந்து நின்ற லீடம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தூக்கிப் போடப்போற ஆளுக்கு எதுக்குடா வெரலு?"

"பழக்க தோஷம் லீடம்மா."

"அப்ப மூக்குல மயிரு கீதான்னு பாத்து அதையும் போடு."

அந்த ஆள் கதவு வழியாக உள்ளே வருகிறான், நிற்கிறான், கையைத் தூக்கி அட்சதை போடுகிறான், போகிறான். மொத்தம் பன்னிரண்டு விநாடி. அதில் தூக்கின கை கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் நின்றுவிட்டது. அசையாமல் நிற்கிற கை ரோட்டோகாரனுக்கு லீவு நாள் மாதிரி; ஒரு கோட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். யாரோ ஒரு புண்ணியவான் என்று அவனை வாழ்த்தியதுகூட நினைவிருக்கிறது. பிறகு அவன் நின்ற இடத்தில் கதவையும் சுவரையும் வாழை மரத்தையும் நிரப்பினேன். லீடம்மாவே வந்து தேடிப் பார்த்துவிட்டு, "எங்கடா நின்னான்?" என்று கேட்டாள். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய விருது கிடையாது.

எங்கள் ஆபீசில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை முடிந்து 'பைனல்' என்று முத்திரை விழுந்துவிட்டால், வந்த மூலப் படத்தைத் துடைத்துவிட வேண்டும்; அடுத்தவன் சொத்து நம்மிடம் தங்கக் கூடாது. நான் பெருமையாக நானே 'பைனல்' போட்டேன். சர்வரிலிருந்து கல்யாணம் போயிற்று. கடன் வாங்கின டம்ளரைக் கழுவிக் கொடுப்பதுபோல, வீடியோகாரரின் ஹார்ட் டிஸ்க்கையும் சுத்தமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் என்னிடம் ஒரு பிரதி இருக்கும் என்று நினைத்து, தன் கேமராவில் இருந்ததை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

அக்காவுக்குக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதை வீட்டு டிவியில் நைனாவுக்குப் போட்டுக் காட்டினேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "போடு, பாப்போம்" என்றார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மனம் இளகிவிட்டது, கல்யாணத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இங்கே பேன் இருந்தது நைனா, காணோம் பார். இங்கே டிரம் இருந்தது, காணோம் பார் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தேன். தாலி கட்டும் இடம் வந்தது. அவர் மேடையைப் பார்க்கவில்லை, திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது.

"இங்க யாரும் நிக்கலியா?" என்றார்.

எனக்குப் புல்லரித்தது. அழித்த இடத்தை ஒரு பஸ் டிரைவர் சரியாகக் கண்டுபிடிக்கிறாரே என்று தொழில் கர்வம் வேறு அடிபட்டது. "நின்னான் நைனா, ஒரு காக்கிச் சட்ட. எவனோ வண்டிக்காரன், பாத்ரூம் தேடிக்கினு உள்ள பூந்துட்டான் போல. எப்பிடி எடுத்துகீறேன் பாரு. தடம் தெரியுதா?"

நைனா கிட்டப் போய்ப் பார்த்தார். கதவு இருந்தது, சுவர் இருந்தது, வாழை மரம் இருந்தது.

"தெர்ல," என்றார். "சுத்தமா கீது."

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். டூட்டி இல்லாத நாள் அது.

ஏன் அவர் சொல்லவில்லை என்று நான் இப்போதும் யோசிக்கிறேன். 'டேய், அது நான்டா' என்று மூன்று வார்த்தை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஹார்ட் டிஸ்க்கைத் தேடி ஓடியிருப்பேன், ஏதாவது மிச்சம் மீண்டிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்து சொல்லக்கூடியவராக இருந்தால் அவர் மேடை ஏறியே அட்சதை போட்டிருப்பாரே. யாருக்கும் தெரியாமல் வந்தார், யாரிடமும் சொல்லாமல் போனார். கேமரா நிற்பதை மட்டும் பார்த்திருக்கிறார். எப்படியும் அவள் வீடியோவைப் போட்டுப் பார்ப்பாள், அந்தப் பெட்டி அவளிடம் சொல்லிவிடும் என்று நம்பியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க அவருடைய செய்திகளை இன்னொருவர்தானே கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த ஒரு செய்தியையும் கொண்டு சேர்க்கிற வேலை கடைசியில் என் கைக்கே வந்திருக்கிறது. நான் அதைத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் அக்காவோடு பேசவில்லை, அவளும் பேசவில்லை. அவளும் மாப்பிள்ளையும் சித்தூரிலேயே வேறு வேலை தேடிக்கொண்டு மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். அவள் வீட்டு வாசலில் நின்று நான் போனில் அவரோடு பேசுவேன், "எங்க கீற?" என்பார், "அக்கா வீட்ல" என்பேன், "சரி" என்று வைத்துவிடுவார். ஓய்வு பெற சில மாதம் இருக்கும்போது, ஒரு காலையில் டூட்டிக்குப் புறப்பட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அக்கா வந்தாள். கால்மாட்டில் நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதேன்; அதிலும் யாரோ, "சிரிச்சிக்கினே இருப்பானே, இவனுக்கு அழக்கூட வருதா" என்றார்கள்.

காரியம் நடந்த நாளில் அவருடைய கண்டக்டர் வந்திருந்தார். தமிழும் தெலுங்குமாகக் கலந்து பேசுகிற பெரியவர். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார், நானும் பக்கத்தில் நின்றேன். "வினும்மா, கேளு, உன் கல்யாணத்தன்னிக்கி எங்களுக்கு திருப்பதி டூட்டி. மீ நைனா மொத நாளே கன்ட்ரோலராண்ட போயி, கையக் கால புடிச்சி, காணிப்பாக்கம் வண்டி வாங்கினாரு. மண்டபத்தாண்ட வந்ததும் டயர்ல காத்து பாக்கணும், அஞ்சே நிமிசம்னு எறங்கிப் போனாரு. ஜனங்க கத்தறாங்க. திரும்பி வந்தாரு, ஸ்டியரிங்குல உக்காந்தாரு. ஜேபில அட்சதை ஒட்டிக்கினு இருந்துச்சி. நான் ஒண்ணும் கேக்கல. அவரும் ஒண்ணும் சொல்லல."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "செத்தவங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லணும்னு சொல்றீங்க மாமா. சரி."

"அபத்தம் காதும்மா, பொய்யில்ல. காணிப்பாக்கத்துக்கே வா. கொளத்துல முங்கி, ஈரத் துணியோட பிரமாணம் பண்றேன்."

எங்கள் ஊரில் அதற்கு மேல் சாட்சி கிடையாது. காணிப்பாக்கம் விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் அக்கா தலையை ஆட்டினாள். "வேணாம் மாமா. அந்த வீடியோவ நான் எத்தினி தபா பாத்திருப்பேன் தெரியுமா? அவரு எங்கியாச்சும் ஓரத்துல கீறாரான்னு நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவன்கிட்டயே கேளுங்க. மொத்தமும் இவன் கைலதான இருந்துச்சி. அவரு வந்திருந்தா இவனுக்குத் தெரியாதா?"

கதவோரத்துக் காக்கிச் சட்டை அந்தக் கணத்தில்தான் எனக்குத் திரும்பி முகத்தைக் காட்டியது. "நான் பாக்கலக்கா" என்றேன். உண்மைதான். அதைவிட உண்மையான பொய்யை நான் சொன்னதில்லை.

ஒரு வருடம் அதை மென்று கொண்டிருந்தேன். வீடியோகாரரிடம் போனேன், அந்த ஹார்ட் டிஸ்க்கில் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்கள் ஏறி இறங்கிவிட்டன. ஆபீஸ் சர்வரில் தேடினேன். எங்கள் கட்டுப்பாடு அவ்வளவு கச்சிதம். இதற்குள் முதல் வருடத் திதி நெருங்கியது. அக்காவுக்குச் சொல்லப் போனேன். "எனுக்கு வராதவருக்கு நான் எதுக்குடா வரணும்? நீ பண்ணு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் ஆபீசில் லீடம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரோட்டோ வரிசையில் பாதி நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் கோட்டை இப்போதெல்லாம் மெஷினே போட்டுவிடுகிறது, நாங்கள் அது விட்ட பிசிறைத் திருத்துகிறோம். காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"படத்தத்தானடா தொடைப்போம். நீ போட்ட கோடு?"

திருத்தம் கேட்டு யாராவது திரும்பி வந்தால் தேவைப்படும் என்று, எங்கள் கோடுகளை மட்டும் எடுத்து வைப்பது வழக்கம். கோட்டுக்கு எடை இல்லை. வருடக் கணக்கில் கிடந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பழைய கோடுகளைப் போட்டுவைக்கும் பெட்டகத்தில் தேடி எடுத்தாள். திறந்தோம். கறுப்புத் திரை, அதன் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு ஆள் வடிவம். முகம் இல்லை, சட்டை இல்லை, நிறம் இல்லை. ஓரம் மட்டும் துல்லியமாக இருந்தது. உள்ளே வந்தது. ஒரு தோள் சற்று இறங்கியிருந்தது. ஜன்னல் கம்பியில் முழங்கையை ஊன்றி வருடக் கணக்கில் ஓட்டினவரின் தோள். மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தது. இன்னொரு முறை பார்த்தது. கையைத் தூக்கியது. ஐந்து விரலும் விரிந்தன. அட்சதை போன பிறகும் அந்தக் கை இறங்கவில்லை, எனக்கு லீவு விட்ட அந்தக் கை. பிறகு முழங்கையை மடக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் போயிற்று.

"வெரல போட்டியே," என்றாள் லீடம்மா. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வெள்ளை வடிவத்துக்குள் நைனாவை நிரப்பிவிடலாம் என்று மூன்று நாள் முயன்றேன். அடையாள அட்டை போட்டோவிலிருந்து முகம், பீரோவில் இருந்த சட்டையிலிருந்து காக்கி. நான் இப்போது காம்ப். நைனா கணக்குப்படி டிரைவர். அந்த வண்டியை மட்டும் ஓட்டத் தெரியவில்லை. பிறந்தநாள் வாழ்த்து பிளெக்ஸ் பேனரில் நிற்கிற வார்டு மெம்பர் மாதிரி வந்தார். பார்க்கப் பார்க்க நைனா தூரமாகப் போனார். அழித்தேன். இந்த முறை யார் என்று தெரிந்தே அழித்தேன்.

திதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். லேப்டாப்பை டிவியில் மாட்டினேன்.

"இன்னாடா இது, பேயாட்டம் வெள்ளையா?"

"கல்யாண வீடியோலேர்ந்து நான் எடுத்தேன் பாருக்கா, டிரம்மு, பேனு. அதுங்களோட ஒரு ஆளையும் எடுத்தேன். காக்கிச் சட்ட. அந்த ஆளு இல்ல, அவரச் சுத்தி நான் போட்ட கோடுதான் இது. கண்டக்டர் மாமா பொய் சொல்லல. நாந்தான்..."

வடிவம் உள்ளே வந்தது. அக்கா கையில் வைத்திருந்த துணியை மடிக்காமல் நின்றாள். மணிக்கட்டைப் பார்த்தபோது அவள் டிவிக்குப் பக்கத்தில் போனாள். கை உயர்ந்தபோது, தாலி கட்டும்போது எப்படிக் குனிந்திருந்தாளோ அப்படித் தலை கொஞ்சம் குனிந்தது. பன்னிரண்டு விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பிக் கதவைத் தாண்டினார். திரை கறுப்பாயிற்று. அவள் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்போதும்போல வாயைத் திறந்தேன். "தொடப்பக்கட்டைய எட்த்துகினு வரட்டாக்கா? ரெண்டு அடியாச்சும் அடி. இல்ல, ஒரு வார்த்த திட்டு."

அவள் திரும்பவில்லை.

"சாப்டாம பூட்டாருடா."